பின்னணி இரைச்சல்

ஒன்பதரைக்கு லாகின்.
ஒன்பது இருபத்தெட்டுக்கு ஜோவிதா
இட்லியை எடுத்துத் தலையில் தேய்த்துக்கொள்கிறாள்.

ஓட்டேரி, இரண்டாம் மாடி, ஒற்றை அறை.
கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில்
பிளாஸ்டிக் நாற்காலியைச் செருகினால்
அதுதான் அலுவலகம்.
ஹெட்போனை மாட்டியதும்
என் குரலுக்கு இஸ்திரி போட்டுவிடுவேன்.
"வணக்கம் சார். உங்கள் தவணைத் தேதி
ஐந்தோடு முடிந்துவிட்டது சார்."

ஒரு நாளைக்கு நூற்றிருபது பேர்.
ஃபிரிட்ஜ் வாங்கியவர், பைக் வாங்கியவர்,
மகளுக்குக் காது குத்தக் கடன் வாங்கி
இன்னும் வலி தீராதவர்.
சிலர் கெஞ்சுவார்கள்.
சிலர் என் அம்மாவரை போவார்கள்.
திட்டி முடிக்கும்வரை "ம்" கொட்டிக்கொண்டே
கால் விரலால்
கிலுகிலுப்பையை உருட்டிவிடுவேன்.

கட்டிலில் ஸ்டீபன்.
ஸ்ரீபெரும்புதூரில் இரவு ஷிஃப்ட் முடித்து
கண்மேல் துண்டைப் போட்டுத் தூங்குகிறான்.
யார் விசாரித்தாலும்
"வீட்லதானே இருக்கா" என்பான்.
அவன் விழித்துவிடக் கூடாதென்றுதான்
மெல்லிய குரலில் மிரட்டப் பழகினேன்.
மேலிடத்தில் அதற்குப் பாராட்டு உண்டு.

மியூட்டை அமுக்கினால் அம்மா.
எடுத்துவிட்டால் நிதி நிறுவனம்.
ஒரு நாள் விரல் பிசகி
அண்ணா நகர் வாடிக்கையாளர் ஒருவரிடம்
"வாய்ல இருக்கறத துப்புடி" என்றுவிட்டேன்.
மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
அன்று சாயங்காலம்
ஆயிரத்து நூறு கட்டியிருந்தார்.

மாதக் கடைசியில் மதிப்பெண் வரும்.
பிரமிளா மேடம் மூன்றே மூன்று அழைப்பைக் கேட்டுவிட்டு
பணிவுக்குப் பத்துக்கு ஒன்பது போடுவார்.
தெளிவுக்கு எட்டு.
அப்புறம் சிவப்பில்:
பின்னணி இரைச்சல்,
இருநூறு ரூபாய் பிடித்தம்.

எழும்பூர் ஆஸ்பத்திரியில்
பத்தொன்பது மணி நேரம் துடித்துப் பெற்ற இரைச்சல்.
வெளியே வந்தும் வாய் திறக்காமல் கிடக்க
நர்ஸம்மா முதுகைத் தேய்த்து, உள்ளங்காலைச் சுண்டி
அறை முழுக்க மூச்சடக்கி நின்று
வரவழைத்த இரைச்சல் மேடம் அது.
எழுதவில்லை.
"இனி கவனமாக இருப்பேன்" என்று எழுதினேன்.

போன செவ்வாய்க்கிழமை தணிகாசலம்.
திருநின்றவூர், ஷேர் ஆட்டோ, நான்கு தவணை பாக்கி.
தெருவில் தண்ணி லாரி ஹார்ன் அடிக்க
நான் "சட்டப்படி" வரை வந்திருந்தேன்.
பீரோ கதவு ஜோவிதாவின் விரலைக் கடித்தது.
மியூட்டைத் தேடும் முன்பே
வீறிட்டது வீடு.

"கொயந்த அழுவுது.
போய் இன்னான்னு பாரும்மா.
நான் லைன்லயே கீறேன்."

போனேன்.
விரலை வாயில் வைத்து ஊதி, தண்ணீரில் நனைத்து
தோளில் போட்டுத் தட்டி
நாலு நிமிஷம் ஆகியிருக்கும்.
திரும்பி வந்தபோது இருந்தார்.
அவர் பக்கமும் என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.
யாரோ "ஆவடி ஆவடி" என்று கத்த
ஒரு கிழவி சில்லறைக்குச் சண்டை பிடித்தாள்.

"சொல்லு. சட்டப்படின்னு நிறுத்துன."

ஆறு மாதமாக ஒப்பிக்கும் அடுத்த வரி
அப்போது வரவில்லை.
குறிப்புக் கட்டத்தில்
"பத்து நாள் அவகாசம் கேட்கிறார்" என்று தட்டினேன்.
அவர் கேட்கவே இல்லை.

இரவு
ஸ்டீபன் கிளம்பிய பிறகு
ஜோவிதா சோப்பு டப்பாவைக் காதில் வைத்துக்கொண்டாள்.
"அணக்கம் சா."
என்னை இன்னும் "ம்மா" என்று முழுங்கித்தான் கூப்பிடுகிறாள்.
இது நல்ல தெளிவு.
எட்டு போடலாம்.

பிறகு டப்பாவுக்குள் யாரோ திட்டுவதுபோல்
வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.
ம்.
ம்.
ம்.

யாருக்கு எவ்வளவு பாக்கி என்று
நான் கேட்கவில்லை.